மலையும் மதிலும்: திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அரண் அமைப்பு – வரலாற்று, கட்டடக்கலை நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளி நகரின் அடையாளமாக விளங்கும் குன்று ‘மலைக்கோட்டை’ என வழங்கப்படுகிறது. இவ்வழக்கு, செஞ்சி, திண்டுக்கல், நாமக்கல் ஆகியவற்றைப் போன்று மலைமேல் எழுந்த கோட்டை ஒன்று இங்கும் இருந்தது என்னும் கருத்தைத் தோற்றுவித்துள்ளது. குன்றின் மேலுள்ள குடைவரை, கோயில் ஆகியவற்றையும், குன்றைச் சூழ்ந்து சமவெளியில் நின்ற மதில், அகழி ஆகியவற்றையும் தனித்தனியே பிரித்து நோக்கும் இக்கட்டுரை, தமிழ் இலக்கண, இலக்கிய மரபு கூறும் அரண் வகைமையின் துணைகொண்டு இக்கோட்டையின் இயல்பை வரையறுக்க முயல்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய மண்ணச்சநல்லூர் வட்டத்தில் அமைந்த கண்ணனூரின் இடைக்கால வரலாறு இவ்வரையறைக்கு ஒப்பீட்டுச் சான்றாகிறது.

திறவுச்சொற்கள்: சிராமலை, அரண், மதில், அகழி, கண்ணனூர், மதுரை நாயக்கர், கர்நாடகப் போர்கள்.

1. முன்னுரை

காவிரியின் தென்கரையில், சமவெளியினின்று திடீரென எழும் திருச்சிராப்பள்ளிக் குன்றின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர் (273 அடி). அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடைநிலையில் தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார் என மூன்று படிநிலைகளில் கோயில்கள் அமைந்துள்ளன. இவை அனைத்தையும் உள்ளடக்கி மக்கள் ‘மலைக்கோட்டை’ என்கின்றனர். இன்று ‘மலைக்கோட்டைக்குச் செல்வது’ என்பது கோயிலுக்குச் செல்வதையே குறிக்கிறது. கோட்டை என்னும் சொல் பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

பெயர் தரும் இம்மயக்கம் ஆய்வுலகிலும் விளைவுகளை உண்டாக்குகிறது. ஒன்று, பல்லவர் குடைவரையின் தொன்மையைக் கோட்டையின் தொன்மையாகக் கொள்ளும் போக்கு. மற்றொன்று, கோட்டையைக் குன்றின் மேல் தேடுவதால், குன்றுக்கு வெளியே தெருக்களாகவும் வாயிலாகவும் எஞ்சியுள்ள உண்மையான கோட்டைத் தடயங்கள் கவனம் பெறாது போதல். எனவே, இது எவ்வகை அரண், எப்போது அரணாயிற்று என்னும் இரு வினாக்களும் பெயராய்வு எல்லைக்குள் அடங்குவன அல்ல. எதனை ஆய்வது, எதனைக் காப்பது என்பதைத் தீர்மானிப்பனவாகும்.

2. அரண் வகைமையும் அளவுகோலும்

திருக்குறளின் 75ஆம் அதிகாரமாகிய ‘அரண்’ நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு என்னும் நான்கினை அரணாக எண்ணுகிறது. அதனையடுத்து, அரணுக்குரிய இயல்புகளாக உயர்வு, அகலம், திண்மை, அணுகுதற்கு அருமை ஆகியன கூறப்படுகின்றன. தொல்காப்பியம் மதிலை முற்றுதலையும் காத்தலையும் உழிஞைத் திணையுள் அடக்குகிறது; பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்குகிறது. மதில், அகழி, கிடங்கு, வாயில், ஞாயில் எனக் கோட்டை உறுப்புகளைக் குறிக்கும் சொல்வளம் சங்க இலக்கியத்திலேயே நிறைந்துள்ளது.

இவ்வகைமையிலிருந்து எளிய அளவுகோல் ஒன்றைப் பெறலாம். ஓர் அரணில் பகைவரைத் தடுத்து நிறுத்தும் முதன்மை உறுப்பு எது, அது எங்கு அமைந்துள்ளது என்பதே அவ்வரணின் வகையைத் தீர்மானிக்கும். செஞ்சியில் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் மதிலால் இணைக்கப்பட்டுள்ளன. மதில் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறது. திண்டுக்கல்லிலும் நாமக்கல்லிலும் மதில் மலையின் மேற்பரப்பைச் சூழ்ந்து நிற்கிறது. அங்கெல்லாம் மலையின் செங்குத்தான சரிவே முதல் தடை. மதில் அதன் தொடர்ச்சி. ஆகவே அவை ஐயமின்றி மலையரண்கள். திருச்சிராப்பள்ளியின் நிலை இவ்வளவுகோலால் சோதிக்கத்தக்கது.

3. குன்றின் தொடக்க வரலாறு: பள்ளியும் குடைவரையும்

குன்றின் தொடக்ககாலத் தடயங்கள் சமயஞ் சார்ந்தவை. உச்சிக்கு அருகிலுள்ள இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியர்க்குரிய கற்படுக்கைகள் உள்ளன. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பள்ளி’ என்னும் சொல்லும் இத்துறவிருக்கையோடு இயைத்துப் பொருள் கொள்ளப்படுவதுண்டு. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிராப்பள்ளியைத் தேவாரத்தில் பாடியுள்ளனர்.

குன்றின் மேற்பகுதியிலுள்ள இலளிதாங்குர பல்லவேசுவர கிருகம், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. தெற்கு நோக்கிய இக்குடைவரையின் கிழக்குச் சுவரில் கருவறை மேற்கு நோக்கி அமைந்துள்ளது; அதற்கு எதிரே மேற்குச் சுவரில் கங்காதரர் புடைப்புச் சிற்பம் உள்ளது. சிற்பத்தின் இருமருங்கிலும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிப் பாக்களை ஹுல்ட்ஸ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் பதிப்பித்தார். குணபரன் என்னும் பெயருடைய மன்னன் பிற நெறியினின்று திரும்பி இலிங்க வழிபாட்டை ஏற்றமை இப்பாக்களிலிருந்து கொள்ளப்படுகிறது. திருச்சிராமலை அந்தாதியும் இக்குடைவரைச் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கட்டுரையின் வினாவிற்கு அப்பாக்களுள் ஒன்றின் கருத்து இன்றியமையாதது. நிலத்தில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளநாட்டையும் காவிரியையும் தான் எவ்வாறு காண்பது எனச் சிவபெருமான் வினவ, மன்னன் இம்மலைமேல் அவருக்கு உறைவிடம் அமைத்ததாக அது கூறுகிறது. குன்றின் உயரம் இங்குக் காட்சிக்குரிய உயரமாகவே போற்றப்படுகிறது. புதிதாகக் கைக்கொண்ட சோழநாட்டைத் தன் இறைவன் கண்ணோட்டத்தின் கீழ் வைக்கும் அரசியல் உட்பொருள் அதில் இருக்கலாம்; ஆயினும் பகை தடுக்கும் அரணாகக் குன்று அங்குக் குறிக்கப்படவில்லை.

குன்றின் தென்மேற்கு அடிவாரத்திலுள்ள கீழ்க்குடைவரையில் சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய இரு கருவறைகள் ஒன்றையொன்று நோக்கி அமைந்துள்ளன. இடையிலுள்ள பின்சுவரில் பிள்ளையார், முருகன், நான்முகன், கதிரவன், கொற்றவை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இது பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியாகக் கருதப்படுகிறது. குன்றின் மீதும் அடியிலும் ஆக, இவ்விரு குடைவரைகளும் குன்று கோயில் மலையாக வளர்ந்தமைக்குச் சான்றுகளாகின்றன.

4. குன்றைச் சேராத முற்றுகைகள்: உறையூரும் கண்ணனூரும்

குன்று இயல்பிலேயே சிறந்த அரண் எனின், அதனைச் சுற்றி ஆண்ட அரசர்கள் தம் இருப்பிடத்தை அதன்மேல் அமைத்திருத்தல் வேண்டும். வரலாறு வேறு வகையில் அமைந்துள்ளது.

சங்ககாலச் சோழரின் தலைநகராகிய உறையூர் இக்குன்றின் மேற்கே, சமவெளியில் அமைந்தது. நலங்கிள்ளி உறையூரை முற்ற, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டு இருந்த சூழலில் கோவூர்கிழார் பாடிய பாடல் புறநானூற்றில் 45ஆம் பாடலாக உள்ளது. குன்று கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தபோதும், அவன் அடைபட்டுக் கிடந்த இடம் ஊர்மதிலே.

இடைக்காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் கால்கொண்ட போசள மன்னன் வீர சோமேசுவரன், திருச்சிராப்பள்ளிக் குன்றைத் தேர்ந்தெடுக்காமல், கொள்ளிடத்தின் வடக்கே கண்ணனூரில் விக்கிரமபுரம் என்னும் தலைநகரை அமைத்தான். இன்றைய மண்ணச்சநல்லூர் வட்டத்தில், சமயபுரத்தை ஒட்டி இவ்வூர் உள்ளது. அங்குள்ள போசளேசுவரர் கோயில் அவ்வாட்சியின் எஞ்சிய அடையாளம். 1251இல் அரியணை ஏறிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் போசளரை வென்றபோது அவனது மெய்க்கீர்த்தி சிறப்பித்துரைப்பது கண்ணனூர்க் கொப்பத்தின் முற்றுகையையே.

14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானியப் படை நிலைகொண்ட அரணும் கண்ணனூரே. 1342இல் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் முற்றுகையிட்டு, வெற்றி கைகூடும் நிலையில் எதிர்பாராத தாக்குதலுக்கு ஆளாகிப் பிடிபட்டு உயிரிழந்த நிகழ்வை இபன் பதூதா விவரிக்கிறார். அவர் குறிக்கும் கோட்டையை ஆய்வாளர் கண்ணனூர்க் கொப்பம் என அடையாளம் கண்டுள்ளனர். விசயநகரப் படைத்தலைவர் கோபணாரியர் 1371இல் திருவரங்கத்தில் அரங்கநாதரை மீண்டும் எழுந்தருளச் செய்தமையும் இவ்வட்டாரத்தில் சுல்தானியப் படை வீழ்ந்ததன் தொடர்ச்சியே.

இந்நிகழ்வுகள் ஒரு பொதுக் கூறினைக் காட்டுகின்றன. இடைக்காலத்தில் இவ்வட்டாரத்தின் அரசியல், படை மையம் கொள்ளிடத்தின் வடகரைச் சமவெளியில் இருந்தது. அதற்குரிய காரணங்களை நில அமைப்பிலிருந்து உய்த்துணரலாம். ஒற்றைப் பாறையாகிய குன்றின் மேற்பரப்பு படையும் குதிரையும் தங்குதற்குப் போதாது. அதன்மேல் நிலையான நீர்வளமும் விளைநிலமும் இல்லை. செஞ்சி போன்று பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மலைத்தொகுதியாக இது அமையவில்லை. காட்சிக்குரிய உயரம் இருந்தும் வாழ்வதற்குரிய அகலம் இல்லாமையே இக்குன்று நெடுங்காலம் அரணாகாமைக்குக் காரணம் எனலாம். திருக்குறள் உயர்வை அடுத்தே அகலத்தையும் அரணின் இயல்பாக எண்ணுவது இங்கு நினைத்தற்குரியது.

5. நாயக்கர் காலம்: குன்றைச் சூழ்ந்த மதில்

இந்நிலையை மாற்றியவர்கள் மதுரை நாயக்கர்கள். விசுவநாத நாயக்கர் (1529–1564) தஞ்சை நாயக்கரிடம் வல்லத்தைக் கொடுத்துத் திருச்சிராப்பள்ளியைப் பெற்றார் என்றும், இரட்டை மதிலும் அகழியும் எடுத்துத் தெப்பக்குளம் அமைத்தார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. சத்தியநாத ஐயரின் ‘மதுரை நாயக்கர் வரலாறு’ (1924) இவற்றைத் தொகுத்து ஆராய்கிறது. 17ஆம் நூற்றாண்டில் முத்துவீரப்ப நாயக்கர் தலைநகரை மதுரையினின்று இங்கு மாற்றினார்; திருமலை நாயக்கர் அதனை மீண்டும் மதுரைக்குக் கொண்டுசென்றார்; சொக்கநாத நாயக்கர் காலத்தில் திருச்சிராப்பள்ளி மறுபடியும் தலைநகராயிற்று.

நாயக்கர்கள் தம் அரண்மனையை அமைத்த இடம் கருதத்தக்கது. சொக்கநாத நாயக்கர் எழுப்பிய அரண்மனை குன்றின் மேலன்றி, அடிவாரத்தில் மதிலுக்குள் அமைந்தது. இராணி மங்கம்மாள் மகால் என வழங்கும் அதன் கொலுமண்டபத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆட்சி, கருவூலம், அங்காடி, குளம், குடியிருப்பு அனைத்தும் தரையில். குன்றில் இறைவன் உறைவிடம். இத்திட்டத்தில் குன்று கோட்டையின் உள்ளடக்கமேயன்றிக் கோட்டை குன்றின் உள்ளடக்கம் அன்று. விசயரங்க சொக்கநாதரின் (1706–1732) அரசவையில் கணக்கராகப் பணியாற்றிய தாயுமானவ அடிகள், மலைமேலுள்ள இறைவன் பெயரையே தம் பெயராகக் கொண்டவர் என்பது இவ்விரு தளங்களின் நெருக்கத்தைப் புலப்படுத்தும்.

6. மதிலமைப்பு: அளவுகளும் அவற்றின் செயற்பாடும்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்த கோட்டையை இராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்று நூலில் விவரித்துள்ளார். அவர் தரும் செய்திகள் வருமாறு: கோட்டை நீள்சதுர வடிவினது, சுற்றளவு ஏறத்தாழ 4 மைல். வட்டக் கொத்தளங்களை இடையிட்ட இரட்டை மதில் நகரைச் சூழ்ந்துள்ளது. வெளிமதில் 18 அடி உயரமும் 5 அடி கனமும் உடையது. அதன்மேல் நடைமேடையோ மறைப்புச்சுவரோ இல்லை. உள்மதில் 30 அடி உயரமுடையது. அதன் உட்புறம் பெரும்படிகளாகக் குறைந்து சென்று, மேலே 10 அடி அகலமுள்ள நடைமேடையில் முடிகிறது. அம்மேடையின் விளிம்பில் சுடுதற்குரிய துளைகளுடன் 7 அடி மறைப்புச்சுவர் உள்ளது. இரு மதில்களுக்கும் இடைவெளி 25 அடி. வெளிமதிலுக்கு முன் 30 அடி அகலமும் 12 அடி ஆழமும் உள்ள அகழி. அதன் நீர் பருவத்திற்கேற்ப ஏறி இறங்கினும் முற்றிலும் வற்றுவதில்லை. நகரின் வடபகுதியில் குன்று உள்ளது. அதன்மேல் நின்றால் பல மைல் சுற்றளவு தென்படும்.

குன்றின் உயரத்தை 150 அடி என ஓர்ம் குறிப்பது உண்மை அளவினும் மிகக் குறைவு. அவருடைய எண்களை மதிப்பீடுகளாகவே கொள்ளுதல் வேண்டும். எனினும் மதிலுறுப்புகளின் தம்முள் ஒப்புமை தெளிவான திட்டமொன்றைக் காட்டுகிறது. உள்மதில் வெளிமதிலினும் 12 அடி உயர்ந்தது. ஆகவே உள்மதில் மேல் நிற்போர் வெளிமதிலுக்கு அப்பால் அகழியையும் அதற்கு அப்பாலுள்ள வெளியையும் நோக்கிச் சுடலாம். நடைமேடை இல்லாத வெளிமதிலைப் பகைவர் கைப்பற்றினாலும் அதன்மேல் நின்று போரிட இயலாது. 25 அடி இடைவெளியில் இறங்கினால் உள்மதிலின் சுடுதுளைகளுக்கு நேரே நிற்க நேரிடும். அகழி, வெளிமதில், இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்து குறைந்தது 60 அடி அகலமுள்ள தடைப்பட்டையாக அமைகின்றன. வெளிமதில் திரை, உள்மதிலே அரண். பழந்தமிழ்ச் சொல்லால் கூறின், ஞாயிலின் பணி முழுவதும் உள்மதிலுக்கே உரியது.

இத்திட்டத்தின் செயற்பாட்டை 1753 நவம்பர் இறுதியில் நிகழ்ந்த பிரெஞ்சுப் படையின் இரவுத் தாக்குதல் மெய்ப்பித்தது. வடமேற்கில் ‘டால்டன் பீரங்கி மேடை’ எனப்பட்ட வெளியரணை ஏணி வைத்து ஏறிக் கைப்பற்றிய பிரெஞ்சு வீரர்கள், உள்மதிலைக் கடக்க இயலாது இடையில் சிக்கிக்கொண்டனர். காவற்படை விழித்துக்கொண்டதும் அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர்.

ஆக, பகையைத் தடுத்த உறுப்புகள் சமவெளியிலுள்ள மதிலும் அகழியுமே. இரண்டாம் பகுதியில் கண்ட அளவுகோலின்படி இது மலையரண் அன்று. நீரரணும் மதிலரணும் இணைந்த நிலக்கோட்டை. குன்றின் பங்கு கண்காணிப்பு. பல்லவன் இறைவனுக்கென உரைத்த அதே காட்சிப்பரப்பு, ஆயிரமாண்டுகள் கழித்துக் காவற்படையின் கண்ணாயிற்று.

7. கோட்டையின் வலிமையும் வடகரையும்

1736இல் சந்தா சாகிபும், 1741இல் மராத்தியரும், 1743இல் நிசாமும் இக்கோட்டையைக் கைக்கொண்டனர். 1751இல் முகமது அலி இதனுள் அடைக்கலம் புக, சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றியது இம்முற்றுகையைத் தளர்த்தும் நோக்குடையது.

முற்றுகையின் முடிவு மதிலடியில் எய்தப்படவில்லை. 1752 ஏப்பிரலில் கிளைவின் படைப்பிரிவு கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் தளம் அமைத்தது. திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கியிருந்த பிரெஞ்சுத் தளபதி லாவின் படைக்குப் புதுச்சேரியிலிருந்து உணவும் துணைப்படையும் வரும் வழி இதனால் அடைபட்டது. பிச்சாண்டார்கோயிலும் வீழ்ந்தபின், 1752 சூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு பொன்மலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்ந்த போர்களும் பெரிதும் உணவு வரும் வழிகளைப் பற்றியனவே.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் கண்ணனூர் பெற்றிருந்த முதன்மையும், 1752இல் சமயபுரம் பெற்ற முதன்மையும் ஒரே நிலப்பகுதிக்குரியன. வடக்கேயுள்ள நாட்டினின்று காவிரிப் படுகைக்குள் நுழையும் வழியைக் கொள்ளிடத்தின் வடகரை ஆள்கிறது. நாயக்கர் கோட்டை தென்கரைக்கு மையத்தை மாற்றிய பின்னரும், அதன் உயிர்நாடி வடகரையிலேயே தங்கியிருந்தது. எனவே திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் வரலாற்றை மண்ணச்சநல்லூர்ப் பகுதியை விலக்கி எழுதுதல் நிறைவுடையதாகாது.

8. மதிலின் மறைவும் எஞ்சிய தடயங்களும்

1801இல் கர்நாடகப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு முழுமையாக உட்பட்டபின் மதிலின் தேவை மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதில் தகர்க்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அதன் தடத்தில் மரவரிசை கொண்ட சாலைகள் அமைந்தன. அத்தகைய சாலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் மக்கள் நாவில் ‘புலிவார்டு’ ஆகி, மேலப்புலிவார்டு சாலை, கீழப்புலிவார்டு சாலை என நின்றது. புலியோடு தொடர்பில்லாத இப்பெயர்கள், மறைந்த மேற்கு, கிழக்கு மதில்களின் எல்லைக் கற்களாகக் கொள்ளத்தக்கவை. எஞ்சிய ஒரே கோட்டை வாயில், ‘மெயின்கார்டு கேட்’ என்னும் பெயரில் நகரின் நெரிசலுக்கு நடுவே நிற்கிறது.

குன்று அழியவில்லை, மதில் அழிந்தது. அதனால் ‘கோட்டை’ என்னும் நினைவு முழுவதும் எஞ்சி நின்ற குன்றின்மேல் ஏறிக்கொண்டது எனலாம். பெயர் மயக்கத்தின் தோற்றுவாய் இதுவே.

9. முடிவுகள்

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. திருச்சிராப்பள்ளிக் குன்று துறவிருக்கையாகவும் கோயில் மலையாகவும் வளர்ந்தது. மகேந்திரவர்மன் குடைவரையின் காலத்தைக் கோட்டையின் காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

2. இடைக்காலத்தில் இவ்வட்டாரத்தின் முதன்மை அரண் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள கண்ணனூர். திருச்சிராப்பள்ளி அவ்விடத்தைப் பெற்றது நாயக்கர் காலத்தில்.

3. தமிழ் மரபின் அரண் வகைமைப்படி இது மலையரண் அன்று. குன்றைக் கண்காணிப்பிடமாக உள்ளடக்கிய, அகழி சூழ்ந்த நிலக்கோட்டை. ‘மலைக்கோட்டை’ என்பதை ‘மலைமேற் கோட்டை’ என விரித்தலினும் ‘மலையை உடைய கோட்டை’ என விரித்தலே வரலாற்றுக்கு இயைபுடையது.

4. வெளிமதில் திரையாகவும் உள்மதில் அரணாகவும் அமைந்த திட்டம் 1753இன் தாக்குதலில் சோதிக்கப்பட்டு நிலைபெற்றது.

5. கோட்டையின் எல்லையைக் காட்டும் சான்றுகள் இன்று தெருவமைப்பிலும் தெருப்பெயர்களிலும் ஒற்றை வாயிலிலும் உள்ளன. அவற்றை நில அளவை வரைபடங்களோடு ஒப்பிட்டு மதில் தடத்தை வரைதலும், கண்ணனூரில் முறையான களஆய்வு மேற்கொள்ளுதலும் அடுத்து நிகழ வேண்டியவை. நகர விரிவாக்கத்தில் தெருப்பெயர்கள் மாற்றப்படுவதும் பழைய மனையெல்லைகள் கலைக்கப்படுவதும் இச்சான்றுகளை அழிப்பனவாதலின், இப்பணி காலந் தாழ்த்தற்குரியதன்று.